வீங்காத மூடி

அத்தியாயம் 6

பதினொரு செத்த கோழிகள். கால்களைச் சணல் கயிற்றால் கட்டி, துணி காயப்போட்ட மாதிரி கேட்டில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் ஓர் அட்டை. அதில் கரியால் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தது.

மிளகாய் மேடம் காரை நிறுத்திய வேகத்தில் மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, இறங்கி, அட்டையை ஒரே இழுப்பில் பிய்த்தார்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு மேடம். மூளைதான் இல்ல," என்றார் பின்னாலேயே வந்த கண்டக்டர்.

"வாயை மூடிட்டுக் கோழியை அவிழ்த்துப் போடுய்யா."

இந்த இருவரையும் பற்றிச் சொல்லிவிடலாம். மேடம் இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் புளுகர்களைப் பிடித்தவர். மேலதிகாரியே ஒரு புளுகர் என்று கண்டுபிடித்த அன்று வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். 'மிளகாய்' என்பது ஊர் வைத்த பெயர். அது அவருக்குத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியாது. கண்டக்டர் நிஜமாகவே பஸ் கண்டக்டராகப் பதினெட்டு வருடம் இருந்தவர். அவருடைய துப்பறியும் படிப்பு முழுவதும் ஒரே வரிதான்: டிக்கெட் எடுக்காதவன்தான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

கேட்டுக்கு உள்ளே ஒரு நீளமான தகரக் கொட்டகை. அதன் சொந்தக்காரிக்கு முப்பத்தெட்டு வயது. அரிசி ஆலையில் தவிடு, எண்ணெய் ஆலையில் பிண்ணாக்கு, பழச்சாறு தொழிற்சாலையில் பிழிந்து தள்ளிய தோலும் சக்கையும் என்று, மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுக்குவதை எல்லாம் அவள் வாங்கி வருவாள். சர்க்கரைப் பாகு கரைத்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, நீல டிரம்களில் காற்றுப் புகாமல் அடைத்துப் பத்து நாள் புளிக்க வைப்பாள். அதைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்து போட்டால் கோழி ஆசையாகத் தின்கிறது, கழிச்சல் குறைகிறது என்று பண்ணைக்காரர்கள் வாங்கிப் போனார்கள். ஏழு வருடமாக இதே பிழைப்பு. எந்நேரமும் உடம்பில் புளிப்பு வாசம் அடித்ததால் ஊரில் அவளுக்குப் புளிப்பக்கா என்றே பெயர்.

போன வாரம்வரை அது செல்லப் பெயர். பெரிய பண்ணை ஒன்றில் மூன்றே நாளில் ஆயிரத்துக்கு மேல் கோழி செத்து விழுந்தது. 'புளிச்ச தவிடுதான் விஷம்' என்று பண்ணைக்காரர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கால்நடைத் துறை அதிகாரி வந்து கொட்டகைக்கு சீல் வைத்து, நாற்பது டிரம்களையும் குழியில் கொட்டப் போகிறார். அதற்குப் பிறகு எவன் வாங்குவான்? ஏழு வருட உழைப்பு குழிக்குள் போய்விடும். இப்போது மணி பத்து. அவள் போன் பண்ணிக் கூப்பிட்டுத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

புளிப்பக்கா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து உள்ளே போனால், அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். டிரம் டிரம்மாகப் போய், மூடியை இறுக்கியிருந்த இரும்பு வளையத்தின் கொக்கியை ஒரு நொடி தளர்த்தினாள். புஸ்ஸ் என்று காற்று வந்தது. உடனே இறுக்கிவிட்டு அடுத்த டிரம்முக்குப் போனாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் மேடம்.

"ஏப்பம் விட வைக்கிறேன் மேடம். உள்ள புளிக்கப் புளிக்கக் காத்து சேரும். தினம் காலைல ஒரு தடவை விட்டுடணும். ரொம்ப நேரம் திறந்து வச்சா வெளிக்காத்து பூந்து பூஞ்சை பிடிச்சுடும். விடாமலே வச்சா இப்படி ஆயிடும்." அவள் காட்டிய டிரம்மின் மூடி நன்றாக உப்பியிருந்தது.

"எங்க பழைய டிப்போ மேனேஜர் மாதிரியே இருக்கே. அவருக்கும் யாராவது கொக்கியைத் தளர்த்திவிட்டிருந்தா புண்ணியமா போயிருக்கும்," என்றார் கண்டக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு லேசாகச் சிரித்தார். அவர் புளிப்பக்காவின் அண்ணன். வேனில் டிரம் ஏற்றிப் பண்ணைகளில் இறக்குவது அவர் வேலை. இறக்கிவிட்டு வந்த நேரத்தில் தவிட்டு மூட்டைகளைத் தைப்பார். இப்போதும் தைத்து முடித்துவிட்டு, கோணி ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். முன்பல் இரண்டைக் காணோம்.

"அண்ணனுக்குப் பல்லு என்னாச்சு?" என்று கேட்டார் கண்டக்டர்.

"போன மாசம் வேன் கதவு இடிச்சுடுச்சுங்க."

"வேனுக்கு உங்க மேல என்னங்க அவ்வளவு கோபம்?"

"யோவ், பல்லு கணக்கெடுக்கவா வந்தோம்?" என்று சீறினார் மேடம். "ஏம்மா, இந்த ஏப்பம் விடுற விஷயத்தைப் பண்ணைக்காரர்கிட்ட சொல்லியிருக்கியா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்றேன் மேடம். மத்தவங்க ரெண்டு, மூணு டிரம் வாங்கி ரெண்டு நாள்ல தீர்த்துடுவாங்க. இவரு ஒரேயடியா பன்னிரண்டு வாங்கி ஒன்பது, பத்து நாள் வச்சுக்குவாரு. அதனால இவருக்கு மட்டும் ரெண்டு வாட்டி சொல்லுவேன்." டிரம்மின் வயிற்றில் ஒட்டியிருந்த லேபிளைத் தடவினாள். "தேதி, சரக்கு எல்லாம் இதுல இருக்கு. என் கையால நானே ஒட்டுறேன். ஊரே என்னைக் கொலைகாரிங்குது. ஒருத்தர், ஒரே ஒருத்தர்தான் என்னை நம்பினாரு. ஸ்கூலுக்கு முட்டை கொடுக்கிற பண்ணைக்காரர். நேத்து போன் பண்ணி, 'எவன் என்ன சொன்னா என்னம்மா, எனக்கு ரெண்டு வாரத்துக்கு எட்டு டிரம் அனுப்பு'ன்னாரு. காலைல அண்ணன் இறக்கிட்டு வந்துட்டாரு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கொக்கியைத் தளர்த்தப் போனாள். கோழியைக் கேட்டில் தொங்கவிட்டவன் கையில் கிடைத்தால் மேடம் அவனையும் அதே கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்.

"கிளம்புய்யா," என்றார்.

*

புகார் கொடுத்த பண்ணைக்காரருடைய அலுவலக அறையில் மூன்று பரிசுக் கோப்பைகள், ஒரு பெரிய மேசை, மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் இருந்தன. டிரம்மைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதுதான் சாட்சி டிரம்மாம். கோழியைக் கொன்ற பன்னிரண்டில் பிரிக்காமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"குப்பை பொறுக்குறவ கொடுத்ததை வாங்கிக் கோழிக்குப் போட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிச்சுக்கணும்," என்றார் பண்ணைக்காரர். வெள்ளைச் சட்டை, அறுபது வயது, அறை தாங்காத குரல்.

"அந்தக் குப்பையைத் தின்னுதானே இத்தனை நாளா உங்க கோழி முட்டை போட்டுச்சு? அப்ப மட்டும் இனிச்சுதா?"

"நீங்க யாரு என்னைக் கேள்வி கேக்க?"

"கேக்கிறதுதாங்க அவங்க தொழில்," என்றார் கண்டக்டர். "நான் கூட வர்ற லக்கேஜ்."

மேடம் டிரம்மைச் சுற்றி வந்தார். டிரம் வயிற்றில் லேபிள் இருந்தது. தேதி இருந்தது. பிறகு மூடியைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி சப்பையாக இருந்தது.

"இதை வாங்கி எத்தனை நாளாச்சு?"

"பதினாறு நாள். வந்த நாள்லேர்ந்து திறக்கவே இல்ல. வேணும்னா நாலு பேர் சாட்சி சொல்வாங்க."

"தினம் காலைல காத்தை விடச் சொன்னாளே, செஞ்சீங்களா?"

"வீங்கினாத்தானே விடணும்?" பண்ணைக்காரர் மேசையைத் தட்டினார். "பன்னிரண்டு டிரம்ல ஒண்ணுகூட வீங்கல. அவ சொன்னது அத்தனையும் புருடா!"

மேடம் நிமிர்ந்தார். பதினாறு நாள் பூட்டி வைத்த டிரம் வீங்கவில்லை. காலையில் அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு நாள் காற்று விடாத மூடிகள் எப்படி உப்பி நின்றன!

"யோவ், இந்த மூடியில வேற என்னய்யா தெரியுது?"

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஒரு பயணிக்கு ரெண்டு டிக்கெட் மேடம். வயித்துல ஒண்ணு, தலையில ஒண்ணு."

ஆமாம். மூடியின் நட்டநடுவிலும் அதே லேபிள். அதன் ஓரம் பழுப்பாக ஊறி, ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தது. மேடம் நகத்தால் அதைக் கிளப்பி உரித்தார்.

அடியில் ஓர் ஓட்டை.

"ஐயோ, பிரிக்காதீங்க, அது சாட்சி!" என்று பதறினார் பண்ணைக்காரர்.

"இதுதாங்க சாட்சி!" மேடத்தின் குரலில் கோப்பைகள் அதிர்ந்தன. "காத்தே போகக் கூடாத சாமான்ல ஓட்டை போட்டு வச்சிருக்கு. வெளிக்காத்து உள்ள போயிருக்கு. பூஞ்சை பிடிக்காம வேற என்ன பிடிக்கும்? நீங்களே குத்தி, நீங்களே மூடி, பழியைத் தூக்கி அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டீங்க. அவ கேட்ல செத்த கோழியைத் தொங்கவிட ஆள் அனுப்பினதும் நீங்கதானே?"

"நான் ஏம்மா குத்தப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்!"

கண்டக்டர் தன் பூதக்கண்ணாடியை எடுத்தார். அது பழைய நாளில் கிழிந்த நோட்டைச் சரிபார்க்க வைத்திருந்தது. "மேடம், ஆணின்னா ஓட்டை வட்டமா விழும். இது நெல்மணி மாதிரி இருக்கு. ரெண்டு முனையும் கூர்மை, நடுவுல அகலம். இது கோணி ஊசி."

"போ. இங்க யார் யார்கிட்ட கோணி ஊசி இருக்குன்னு பார்த்துட்டு வா."

அவர் போனார். அந்தக் கால் மணி நேரமும் மேடமும் பண்ணைக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இருந்த பல்லிகூட இடம் மாறிப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது கண்டக்டரோடு தீவனம் கலக்கும் பெண் ஒருத்தி வந்தாள். கையெல்லாம் மாவு. தலை நிமிரவில்லை.

"மேடம், ஊசி விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தார் கண்டக்டர்.

"ஊசி இருக்கட்டும்யா. இந்தம்மாவை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

அந்தப் பெண் பண்ணைக்காரரை ஒரு முறை பார்த்தாள். பிறகு பார்க்காமல் பேசினாள். "பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாதுங்க. அந்த டிரம்முங்க கடைசி நாலைத் திறந்தப்ப மேலாப்ல கறுப்பும் பச்சையுமா பஞ்சு மாதிரி பூத்திருந்துச்சு. ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேணாங்க, கோழிக்கு ஆகாதுன்னேன். 'வழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தைக் கலக்குடி'ன்னாரு. நான்தாங்க கலக்கினேன். என் கையாலதான் கலக்கினேன். மறுநாள் காலைல கொட்டாயைத் திறந்தா எல்லாம் குப்புற விழுந்து கிடக்கு. நான் வளர்த்த கோழிங்க."

அவள் மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஒரு சாண் ஆழத்துக்கு வழிக்கச் சொன்னேன்ல?" என்று கத்தினார் பண்ணைக்காரர். "மிச்சம் நல்லாத்தானே இருந்துச்சு! அத்தனையும் கொட்டச் சொல்றியா? எவன் வீட்டுச் சாமான்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பதிவை நிறுத்தினார்.

"ரைட். டிக்கெட் கிழிச்சாச்சு."

மேடம் எழுந்தார். "கெட்டுப்போனதுன்னு தெரியும். தெரிஞ்சே போட்டிருக்கீங்க. செத்ததும், ஏழை எவ கிடைப்பான்னு பார்த்து அவ மேல எழுதிக் கொடுத்தீங்க. வெள்ளைச் சட்டை போட்டா மட்டும் போதாதுங்க, கொஞ்சமாவது வெட்கம் வேணும். மூணு மணிக்கு அதிகாரியோட அங்க வந்து சேருங்க."

*

கார் தார்ச் சாலையில் பறந்தது. மேடம் ஒவ்வொரு வளைவிலும் பண்ணைக்காரரைத் திட்டினார். நான்கு வளைவுவரை கண்டக்டர் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவருடைய கல்யாணத்தன்று மட்டும்தான்.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?"

"மேடம், உள்ள ஒரு விஷயம் சொல்ல வந்தேன். நீங்க விடல."

"இப்ப சொல்லு."

"அந்தப் பண்ணையில கோணி ஊசியே கிடையாது. அவங்க மூட்டை எல்லாம் மெஷின் தையல். நூலோட ஒரு முனையை இழுத்தா சரசரன்னு பிரிஞ்சுடும். ஊசின்னா யாருக்கும் என்னன்னே தெரியல. அப்புறம், அந்த ரெண்டாவது டிக்கெட். லேபிள் கட்டு பண்ணையில ஏது மேடம்? டிப்போவுலதானே, அந்தக் கொட்டகையிலதானே இருக்கும்?"

மேடம் பிரேக் அடித்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அவர் காதில் அது விழவே இல்லை.

காலையில் கண்ணெதிரே இருந்தது. சட்டைக் காலரில் குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டில் தொங்கிய கோழியைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் புளுகரைப் பிடித்த கண்ணு! த்தூ என்று தன்னைத்தானே துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஆனா ஏன்யா? சொந்தத் தங்கச்சியோட பிழைப்புல எவனாவது ஓட்டை போடுவானா?"

"தெரியல மேடம். அந்தப் பல்லுகிட்டதான் கேக்கணும்."

*

கொட்டகைக்கு வந்தபோது மணி இரண்டரை. வெயிலில் தகரம் முறுகிக்கொண்டிருந்தது. காலையில் காற்று விட்ட டிரம்களில் சில மறுபடியும் உப்பியிருந்தன. புளிப்பக்காவும் வேலை செய்யும் மூன்று பெண்களும் ஓடி வந்தார்கள். அண்ணன் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"என்ன மேடம் ஆச்சு?"

"சொல்றேன். முதல்ல ஒரு சின்ன சோதனை." மேடம் கண்டக்டரைப் பார்த்தார்.

கண்டக்டர் இருப்பதிலேயே அதிகம் உப்பிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அண்ணனுக்கு இரண்டடி தள்ளி நிறுத்தினார். அப்புறம், பஸ் கிளம்பும்போது பக்கவாட்டில் தட்டுவாரே, அதே மாதிரி மூடியின் மேல் பளார் பளார் என்று இரண்டு தட்டு தட்டினார்.

புளிப்பக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூன்று பெண்களும் இந்த ஆளுக்கு என்ன கிறுக்கு என்று பார்த்தார்கள். அண்ணன் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஜன்னலைப் பார்த்துட்டாரு மேடம்," என்றார் கண்டக்டர் மெதுவாக. இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

"வேன் கதவு இடிக்கல, இல்லையா?" என்றார் மேடம்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார். "போன மாசம் நீ ஆலைக்குப் போயிருந்தியே, ரெண்டு நாள். என்னைக் காத்து விடச் சொல்லிட்டுப் போனே. ஒரு நாள் மறந்துட்டேன். மறுநாள் கொக்கியைத் தொட்டேன், மூடி அப்படியே வாயில வந்து அடிச்சுது. பல்லு போச்சு. உன்கிட்ட சொன்னா, ஒரு கொக்கியைக்கூடத் தளர்த்தத் தெரியாதவன்னு நினைப்பியேன்னு சொல்லல. அதுக்கப்புறம் வேன்ல ஏத்துனா, வெயில்ல பின்னாடி கடகடன்னு சத்தம் கேக்கும். வண்டியே ஓட்ட முடியலம்மா. கை உதறும். அதான் தெருமுனை தாண்டினதும் நிறுத்தி, ஊசியை வச்சுக் கல்லால ஒரு தட்டு. காத்து போயிடும். மேல ஒரு லேபிளை ஒட்டிடுவேன். மத்த பண்ணையில எல்லாம் ஒண்ணும் ஆகலியே..."

"அவங்க ரெண்டு நாள்ல தீர்த்துட்டாங்க, அதனால ஆகல!" என்று கத்தினாள் புளிப்பக்கா. "அட பாவி அண்ணே! கோழி சாகுது, சாகுதுன்னு ஒரு வாரமா நான் சோறு தண்ணி இல்லாம கிடக்குறேன். பக்கத்துல உக்காந்து மூட்டை தைச்சுக்கிட்டு இருந்தியே! எப்படி உனக்கு மனசு வந்துச்சு?"

அவள் தவிடு அள்ளும் முறத்தை எடுத்து அவர் மேல் வீசினாள். அது தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் தடுக்கவில்லை.

மேடம் நடந்ததைச் சொன்னார். கறுப்பாகப் பூத்தது, பண்ணைக்காரர் வழித்துப் போட்டது, போனில் இருக்கும் பதிவு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் தலையைத் தூக்கினார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"அப்ப அவன் மேலதானே தப்பு? அவனே ஒத்துக்கிட்டானே! ஓட்டையையும் அவனே போட்டான்னு விட்டுடலாமே. டிரம் அவன் ரூம்லதானே இருக்கு? யாருக்குத் தெரியப் போகுது?"

சொல்லப் போனால் அது நடக்கக்கூடியதுதான். மணி இரண்டு ஐம்பது. பதிவைப் போட்டுக் காட்டினால் அதிகாரி பண்ணைக்காரர் பக்கம் திரும்பிவிடுவார். ஓட்டையைப் போட்டது யார் என்று இந்த ஏழு பேரைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. மேடம் வாயைத் திறக்கவில்லை. இதை அவர் சொல்லக் கூடாது. அவள் சொல்ல வேண்டும்.

புளிப்பக்கா அண்ணனையே பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைல இறக்குன எட்டு?"

அண்ணன் கீழே கிடந்த முறத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அண்ணே, உன்னைத்தான் கேக்கிறேன். அந்த எட்டு?"

"எட்டும்தான்," என்றார் அண்ணன்.

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பான எண் போனது. மூன்றாவது முறை ஸ்கூலுக்கு முட்டை கொடுக்கிறவர் கிடைத்தார்.

"அண்ணே, நான்தான் புளிப்பக்கா. காலைல வந்த டிரம் எதையும் தொடாதீங்க. இல்லண்ணே, ஒண்ணுகூட. எல்லாத்துலயும் ஓட்டை இருக்கு. எங்காளுதான் போட்டது. ஆமாண்ணே. என் கூடப் பிறந்தவன்தான். நீங்க நம்பி வாங்கினீங்க, நான் பார்க்காம அனுப்பிட்டேன். ஒரு கோழிக்கும் போட்டுடாதீங்க." அந்தப் பக்கம் ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "திட்டுங்கண்ணே. நல்லா திட்டுங்க," என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

*

அதிகாரி கையில் மெழுகும் முத்திரையும் இருந்த பையோடு இறங்கினார். பின்னால் பண்ணைக்காரர், இன்னும் அதே குரலோடு. "இவங்க என் ரூமுக்கே வந்து சாட்சியைக் கலைச்சுட்டாங்க சார்!"

"நீங்கதானே சொந்தக்காரி? சீல் வைக்கணும். எல்லாரும் வெளியே வாங்க," என்றார் அதிகாரி.

புளிப்பக்கா அண்ணனிடம் போனாள். அவர் சட்டைக் காலரிலிருந்து கோணி ஊசியை உருவினாள். அதைக் கொண்டுவந்து அதிகாரி முன்னால் மேசையில் வைத்தாள்.

"சீல் வைக்கணும்னா முதல்ல இதுக்கு வைங்க சார். இதாலதான் மூடியில ஓட்டை போட்டிருக்கு. போட்டது என் அண்ணன். கவனிக்காம விட்டது நான். புளிச்ச தவிடு எதையும் கொல்லல. காத்து பூந்து பூத்துப்போனதுதான் கொன்னுது."

"பார்த்தீங்களா சார்! அவ வாயாலயே சொல்லிட்டா!" பண்ணைக்காரர் குதித்தார்.

"நீங்க குதிக்காதீங்க," என்றார் மேடம். "யோவ், போடுய்யா."

கண்டக்டர் போனை மேசையில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். 'மிச்சம் நல்லாத்தானே இருந்துச்சு! அத்தனையும் கொட்டச் சொல்றியா?' என்று பண்ணைக்காரரின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அதிகாரி இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது முறை முடிந்தபோது பண்ணைக்காரர் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழியை இங்க தொங்கவிட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார் மேடம். அதற்கும் டயர்தான் பதில்.

அதிகாரி பையை மூடினார். "ரெண்டு டிரம் எடுத்துட்டுப் போய்ச் சோதனைக்குக் கொடுக்கிறேன். முடிவு வர்றவரைக்கும் இங்கேர்ந்து ஒண்ணும் வெளியே போகக் கூடாது. சீல் வைக்கல. உங்க அண்ணனும் நாளைக்கு ஆபீஸ் வரணும். நீங்களும்தாங்க," என்று பண்ணைக்காரரிடம் திரும்பினார். "கெட்ட தீவனம்னு தெரிஞ்சு போட்டது சின்ன விஷயம் இல்ல."

ஜீப் போனது. மேடம் வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் காலையில் அவிழ்த்துப் போட்ட பதினொரு கோழிகள் கிடந்தன.

"இப்ப யார் மேல கோபம் மேடம்?" என்றார் கண்டக்டர்.

"பேசாம மண்வெட்டி எங்கேன்னு பாரு. இதுங்களைப் புதைக்கணும்."

உள்ளே புளிப்பக்காவின் குரல் கேட்டது. "அண்ணே. இங்க வா."

அவர் வந்தார். அவள் கண்டக்டர் உருட்டி வைத்த அந்த உப்பிய டிரம்முக்கு முன்னால் நின்றாள்.

"கொக்கியைத் தளர்த்து."

"வேணாம்மா. என்னால முடியாது. நீ வேற ஆளை..."

"ஒரு வாரமா நீ என்கிட்ட பேசல. இப்பவும் பேச வேணாம். தளர்த்து."

அவர் கொக்கியில் கை வைத்தார். வழக்கம்போல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அப்போது புளிப்பக்கா குனிந்து, தன் முகத்தை மூடிக்கு நேர் மேலே கொண்டுபோய் வைத்தாள்.

"ஐயோ, தள்ளும்மா! பல்லு போயிடும்!"

"நீ மெதுவா விட்டா போகாது. வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு விட்டா போயிடும். பார்த்து விடு."

கண்டக்டர் மண்வெட்டியோடு வாசலில் நின்றுவிட்டார். மேடமும் எழுந்து நின்றார். அண்ணன் முகத்தைத் திருப்பித் தங்கையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்தது. துடைக்கக் கை இல்லை. கொக்கியை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார்.

புஸ்ஸ் என்று காற்று வந்தது. புளிப்பக்காவின் முன்நெற்றி முடி பறந்தது. மூடி இறங்கிச் சமமானது. அவர் கொக்கியை இறுக்கினார்.

அவள் நிமிர்ந்தாள். கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது.

"அடுத்தது," என்றாள். "இன்னும் முப்பத்தேழு இருக்கு."